உன் மாமியின் குளிசை அட்டையை நான் பார்த்தேன்

தம்பி,

ஒரே வீட்டில் இருக்கும் மகனுக்குக் கடிதம் எழுதுவது எனக்கே விசித்திரமாக இருக்கிறது. நீ காலையிலேயே குளக்கட்டு வேலைக்கு வெளிக்கிட்டுப் போய்விட்டாய். சனிக்கிழமை, எனக்கு வகுப்பு இல்லை. துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் வந்து ஊதிக்கொண்டிருக்கிறது. குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று சிறுநீரகத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேச எனக்கு ஏலும். உன் முகத்தைப் பார்த்து என்னைப் பற்றி இரண்டு வசனம் பேச ஏலாது. இது உனக்குத் தெரியாத விஷயமல்ல. இதை நீ மட்டும் படிக்கவேண்டும் என்று நான் எழுதவில்லை. உன் மனைவி தர்சினி படிக்கவேண்டும், அவளுடைய அம்மா, உன் மாமி, படிக்கவேண்டும். அதற்குப் பிறகு ஊரில் யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.

பன்னிரண்டு நாட்களுக்கு முன்பு நீ பையோடு வந்து கதிரையில் இருந்தாய். "அம்மா, நான் இனி இஞ்சதான். அங்க இருக்க ஏலாது" என்றாய். நான் காரணம் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது நாகரிகம் என்று நீ நினைத்திருப்பாய். காரணம் எனக்குத் தெரியும் என்பதால்தான் கேட்கவில்லை. கேட்டால் நீ தர்சினியைப் பற்றிச் சொல்வாய், நான் அதைக் கேட்டுக்கொண்டு இருக்கவேண்டி வரும். அதனால் சந்தைக்குப் போய் உனக்குப் பிடித்த பாரை மீன் வாங்கி வந்தேன். மீன் வெட்டும்போது பாட்டு முணுமுணுத்தேன் என்று பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னாள். நான் பாடி அவள் ஒருநாளும் கேட்டதில்லையாம்.

எங்கள் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். கல்யாணம் முடிந்தால் பெண் வருவதில்லை, மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போகிறான். வீடு பெண்ணுடையது, கிணறு பெண்ணுடையது, குசினி பெண்ணின் தாயுடையது. உன் அப்பாவும் இப்படித்தான் என் வீட்டுக்கு வந்தார், பிறகு கட்டாருக்கு வேலைக்குப் போனார், அவருடைய தாய் இதைப் பற்றி என்ன நினைத்தார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. உன்னை ஈச்சிலம்பற்றில் தர்சினி வீட்டில் விட்டுவிட்டு வான் வண்டியில் திரும்பி வந்தபோதுதான் யோசித்தேன். அப்பா இல்லாத வீட்டில் பதினைந்து வருடம் நீயும் நானும் மட்டும் எதிரெதிரே இருந்து சாப்பிட்டவர்கள். நான் படித்தவள், வழக்கங்களை வழக்கங்களாகப் பார்க்கத் தெரிந்தவள் என்றுதான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன். ஆனால் முதல் மாதமே உன் மாமியின் கைச்சமையலில் உன் கன்னம் பூரித்திருந்ததைப் பார்த்து எனக்கு நெஞ்சு எரிந்தது. அதற்கு வேறு கௌரவமான பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பொறாமைதான்.

பிறகு அந்தக் கண் விஷயம் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உன் மாமியின் இடது கண் இமை கொஞ்சம் இறங்கியிருப்பதை நீ கண்டுபிடித்தாய். அவர் தூசி விழுந்தது என்றார், நீ விடவில்லை. இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுக்க வைத்தாய். மூளைக்குப் போகும் இடப்பக்க நாடியின் சுவர் ஓரிடத்தில் மெலிந்து, நாவற்பழம் அளவுக்கு ஊதியிருந்தது. அனியூரிசம். அது அருகில் இருந்த நரம்பை அழுத்தியதால்தான் இமை இறங்கியது. வெடித்திருந்தால் அவர் இன்று இல்லை. நீ ஒரு உயிரைக் காப்பாற்றினாய். எல்லாரும் உன்னைப் புகழ்ந்தார்கள், நானும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். ஆனால் என் மனதில் ஓடியது இதுதான்: போன வருடம் எனக்குக் கடைவாய்ப் பல் இரண்டு கழற்றினார்கள், மூக்குக்கண்ணாடி மாற்றினேன், ஐந்து கிலோ குறைந்தேன். நீ ஒன்றையும் காணவில்லை. அவருடைய இமை ஒரு நூல் இறங்கியதைக் கண்டாய்.

கொழும்பில் வைத்தியர் காட்டியதை நீ வந்து இதே மேசையில் அவருக்கு விளங்கப்படுத்தினாய். அவர் என் கதிரையில் இருந்தார். நான் தேங்காய் துருவிக்கொண்டு நின்றேன். இருபது வருடத்துக்கு மேலாக உயர்தரப் பிள்ளைகளுக்குக் குருதிச் சுற்றோட்டம் படிப்பிப்பவள் நான். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

"மாமி, வாய்க்கால் வளைவில தண்ணி கரையை அரிச்சு அரிச்சுப் பள்ளமாக்கும் தானே? அதுக்குள்ள தண்ணி சுத்திச் சுத்தி நிக்கும். கரை எப்ப உடையுமெண்டு தெரியாது. நீங்கள் என்ன செய்வியள்?"

"கம்பு நட்டு, மரக்கொப்பால அலம்பல் பின்னி விடுவம்."

"அப்ப தண்ணி?"

"அது தன்ரபாட்டில நேர ஓடும். பள்ளத்துக்க சேறு படிஞ்சு தானா மூடும்."

"அதுதான் மாமி. அதைத்தான் உங்கட நாடிக்குள்ள செய்யப்போகினம்."

அத்தோடு நிற்கவில்லை. துறைமுகத்தடிக் கடையில் வாங்கிய பழைய கப்பல் கயிற்றுத் துண்டொன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தாய். உள்நாரை உருவிவிட்டு வெளிப்பின்னலை மட்டும் குழாய் மாதிரிப் பிடித்தாய். இரு முனையிலும் இழுத்தால் அது மெலிந்து நீண்டது, விட்டால் அகன்று குட்டையானது. தலைமயிரைவிட மெல்லிய உலோகக் கம்பிகளை இப்படிப் பின்னியதுதான் ஸ்டென்ட் என்றாய். தொடை நாடியால் ஒரு குழாயை மேலே விட்டு, அதற்குள் ஒடுக்கி அனுப்புவார்கள், உரிய இடத்தில் வெளியே தள்ளினால் தானாக விரியும், மண்டையோட்டைத் திறக்கத் தேவையில்லை. விரியும்போது நீளம் குறைவதால் அளவைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதுதான் வைத்தியரின் கெட்டித்தனம். உன் மாமி கயிற்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் தம்பி, என்ர தலைக்குள்ள கப்பலே கட்டப்போறாங்கள்?" என்றார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்திருப்பேன், பகிடி நல்ல பகிடிதான். உவமை சொல்லிப் படிப்பிப்பது எனக்குப் பிடிக்காது என்பதும் உனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பின்னலைப் பார்த்தபோது, நீ அந்த வீட்டில் அகன்ற அளவுக்கு எனக்குக் குறைந்துபோனாய் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வகுப்பில் அனியூரிசம் வந்தபோது அலம்பல் கதையைத்தான் சொன்னேன். நானாக யோசித்த மாதிரிச் சொன்னேன்.

இது புதிதாக வந்த குணமல்ல. நீ நாலாம் வகுப்பில் "நான் விரும்பும் ஆசிரியர்" என்று கட்டுரை எழுதினாய். மூதூரிலிருந்து வந்து போன கணித ரீச்சரைப் பற்றி ஒன்றரைப் பக்கம். அவர் சிரித்தால் கணக்கு லேசாகிவிடும் என்று எழுதியிருந்தாய். நான் சிவப்புப் பேனையை எடுத்து எழுத்துப் பிழைகள் எல்லாவற்றையும் திருத்தினேன், வேறு ஒரு சொல்லும் சொல்லவில்லை. நீ அந்தக் கொப்பியை மடித்து வைத்துவிட்டு வெளியே போனாய். அதற்குப் பிறகு எழுதிய எதையும் என்னிடம் காட்டவில்லை. பிழை திருத்துவது தாயின் கடமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்றவரிடம் எதையும் லேசில் நம்பாத நான், என்னிடம் நானே சொல்வதை மட்டும் உடனே நம்பிவிடுகிறேன்.

ஸ்டென்ட் வைத்து முடிந்து ஐப்பசியில் மாமியை இங்கே கொண்டுவந்து விட்டாய். மழைக்கு ஈச்சிலம்பற்றுப் பாதை மூடிவிடும், கிளினிக் டவுனில், உனக்கோ குளங்கள் நிரம்பும் காலம், தர்சினிக்குப் பாலர் பாடசாலையில் படிப்பிக்கும் வேலை. எல்லாம் நியாயமான காரணங்கள். ஓம் என்றேன். நீ மருந்துக் குளிசைப் பெட்டியை என் கையில் தரவில்லை, மாமியின் கையில் கொடுத்தாய். இரண்டு வகைக் குளிசை. நாடியின் உள்தோல் அந்தப் பின்னலின்மேல் வளர்ந்து மூடும்வரை வெறும் உலோகம் குருதியில் நிற்கும், அதில் குருதிச் சிறுதட்டுகள் ஒட்டிக்கொண்டால் கட்டி உண்டாகிக் குழாய் அடைக்கும், ஆகவே ஒருநாளும் தவறக்கூடாது. தர்சினி ஒவ்வொரு காலையும் தொலைபேசியில் கேட்கவேண்டும் என்று ஏற்பாடு. இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு இடமும் இல்லை.

அந்த மாதம் நீ ஒவ்வொரு நாளும் இந்த வீட்டுக்கு அழைப்பெடுத்தாய். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒவ்வொரு நாளும். எடுத்தது என் நம்பருக்கு, கேட்டது மாமியை. சஷ்டி விரதத்தின் இரண்டாம் நாள் பின்னேரம் நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றேன். "மாமி, உங்களுக்கு என்ன தேவையெண்டாலும் எனக்கு அடிச்சுச் சொல்லுங்கோ. அம்மாட்டைக் கேட்டுக்கொண்டு நிக்காதேங்கோ. அவவுக்குப் புத்தகத்தில இருக்கிற உடம்பைத்தான் தெரியும், ஆக்களைப் பாக்கத் தெரியாது" என்றாய். பகிடிக்குத்தான் சொன்னாய். "சும்மா போங்கோ தம்பி, ரீச்சர் என்னைத் தங்கமாப் பாக்கிறா" என்று அவர் சொன்னார். அவர் எனக்காகப் பரிந்து பேசியதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

மூன்றாம் நாள் காலை சீனிப் போத்தலை எடுக்க அலுமாரியைத் திறந்தேன். குளிசைப் பெட்டியின் மூடி சரியாக மூடப்படவில்லை. விரதம் தொடங்குவதற்கு முந்திய நாள் கிளினிக்கில் கொடுத்த புதிய அட்டைகள், இரண்டும் தொடப்படாமல் இருந்தன. ஒரு குமிழ்கூட உடையவில்லை. உறையில் "சாப்பாட்டுக்குப் பின்" என்று எழுதியிருந்தது. எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அவர் ஆறு நாளும் இளநீர் மட்டும் குடித்து விரதம் இருக்கிறார். வெருகல் முருகனுக்கு நேர்த்தி, தலைக்குள் வைத்தது நல்லபடி பொருந்தவேண்டும் என்று. சாப்பாடே இல்லாதபோது சாப்பாட்டுக்குப் பின் என்ற குளிசை எப்படி வரும்? தர்சினி கேட்டால் ஓம் என்று சொல்லிவிடுவார், மகளைக் கலவரப்படுத்தக்கூடாது என்று. மூன்று நாள் குளிசை இல்லாமல் ஒரு உலோகப் பின்னல் அவருடைய நாடிக்குள் நிற்கிறது. இதன் பொருள் இந்த மாவட்டத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்த பெண்கள் அதிகம் இருக்கமாட்டார்கள்.

பெட்டியை மூடினேன். சீனிப் போத்தலை எடுத்துக்கொண்டு போனேன்.

ஏன் என்று நீ கேட்பாய். அவருக்குத் தீங்கு வரவேண்டும் என்று நான் நினைக்கவில்லை, இதை நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும். நான் நினைத்தது இதைவிடச் சின்னது. உனக்குத்தானே ஆட்களைப் பார்க்கத் தெரியும், நீயே கண்டுபிடி என்று நினைத்தேன். நீ செய்த ஏற்பாடு பிழையாகிப் போகவேண்டும், நீ என்னிடம் வந்து "அம்மா, உங்களைக் கேட்டிருக்கவேணும்" என்று சொல்லவேண்டும். அதற்காகக் காத்திருந்தேன். நாலாம் நாள் நீ அழைப்பெடுத்தாய்.

"அம்மா, மாமி குளிசை ஒழுங்காப் போடுறவவோ?"

"அவவையே கேள்."

"என்னம்மா, ஒரு கேள்வி கேட்டால்..."

"தர்சினி கேக்கிறாள் தானே ஒவ்வொரு நாளும். பிறகு என்னை ஏன்?"

"சரி சரி, கோவிக்காதேங்கோ" என்று வைத்துவிட்டாய். ஒரு சொல் போதும். நான் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் காலை எனக்குப் பயம் வந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை. பெட்டியை எடுத்து அவர் இருக்கும் இடத்துக்கு நேரே மேசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். சொல்லியாயிற்று என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பின்னேரம் வந்தபோது பெட்டி பழைய இடத்தில் இருந்தது. விரதக்காரி தான் தொடாமல் எனக்காக முருங்கையிலை வறுத்து, சோறு வடித்து மூடி வைத்திருந்தார். என் குசினியில் என்னைவிடக் கெட்டிக்காரி என்று காட்டுகிறார் என நினைத்துச் சாப்பிட்டேன்.

ஆறாம் நாள் சூரன்போர். காலையில் அவர் கோயிலுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார், நான் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். நூல் அவருடைய வலது கையிலிருந்து நழுவியது. எடுத்தார், மறுபடி நழுவியது. மூன்றாம் முறை அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வாயின் ஒரு பாதிதான் சிரித்தது. ஏதோ சொன்னார், சொல் உடைந்து வந்தது. அடுத்த நிமிடமே நான் தெருவில் நின்று ஓட்டோவை மறித்தேன், செருப்புக்கூடப் போடவில்லை. ஆஸ்பத்திரியில் வைத்தியரிடம் ஒளிக்காமல் சொன்னேன்: ஆறு நாள், இரண்டு குளிசையும் போடவில்லை, இந்த நேரத்துக்குத்தான் தொடங்கியது என்று. அவர் ஓடி ஓடி வேலை செய்தார். பின்னல் முழுதாக அடைபடவில்லை, சின்னக் கட்டி ஒன்றுதான் போய்ச் சிக்கியிருந்தது. பேச்சு இரண்டு நாளில் திரும்பியது. வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் திரும்பவில்லை.

நீயும் தர்சினியும் மழையில் நனைந்து வந்து சேர்ந்தீர்கள். வார்ட்டுக்கு வெளியே கிடந்த மர வாங்கில் வைத்து நீ அவளைப் பேசினாய். "உன்னட்டை ஒரு வேலைதானே தந்தனான்? அவ ஓம் எண்டால் நீயும் ஓம்! அட்டையைக் காட்டச் சொல்லிக் கேக்க வாயில்லையோ?" அவள், "அம்மா எனக்குப் பொய் சொல்லுவா எண்டு நான் நினைப்பனே?" என்று அழுதாள். நீ என் பக்கம் திரும்பினாய். "அம்மா, உங்களுக்கும் தெரியாதோ?" என்றாய். நான் சொன்னதை எழுத்துக்கு எழுத்து இங்கே எழுதுகிறேன்: "அட்டையை இண்டைக்குத்தான் பாத்தனான்." அது பொய். வைத்தியருக்கு உண்மையும் உனக்குப் பொய்யும் சொன்னேன். அந்தப் பொய்யின்மேல் நின்றுதான் நீ இரண்டு மாதமாக உன் மனைவியிடம் முகம் கொடுக்காமல் இருக்கிறாய், அவளைக் குளிசைப் பெட்டியைத் தொட விடாமல் நீயே எடுத்துக் கொடுத்தாய், கடைசியில் எழும்பி இங்கே வந்துவிட்டாய். கல்யாணம் முடிந்த நாளிலிருந்து நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. இப்படி நடந்தது.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் நான் ரீச்சர், பழக்கம் விடாது. ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஒரு பிழை நடந்தவுடன் கைக்கு எட்டும் ஆளைப் பிடித்து உலுக்காதே. கைக்கு எட்டும் ஆள் பெரும்பாலும் நம்மை நேசிக்கும் ஆள், அதனால்தான் எட்டுகிறது. கொஞ்சம் தள்ளி, ஒன்றும் பேசாமல், அடக்கமாக நிற்கும் ஆளையும் ஒருமுறை பார். அன்றைக்கு அது நான்.

இவ்வளவும் சனிக்கிழமை எழுதியது. இனி எழுதுவது திங்கட்கிழமை காலை.

நேற்று ஒரு அலுவல் என்று உன்னிடம் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் ஏறினேன். கிண்ணியா, மூதூர் எல்லாம் தாண்டி ஈச்சிலம்பற்றில் இறங்கி நடந்தேன். உன் மாமி முற்றத்தில் இருந்து இடது கையால் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். "வாங்கோ ரீச்சர்! தம்பியும் வந்தவரோ?" என்றார். முதல் கேள்வியே நீதான். அந்த நிலையிலும் எனக்குள் பழைய எரிச்சல் தலை தூக்கியது, அதையும் மறைக்கவில்லை. கடிதத்தை நீட்டினேன். "கண்ணாடி உள்ளுக்க. நீங்களே வாசியுங்கோ" என்றார். வாசித்தேன். தர்சினி குசினி வாசலில் வந்து நின்றதை நான் பாதியில்தான் கண்டேன். நிறுத்தவில்லை.

வாசித்து முடிந்ததும் உன் மாமி அரிசியிலிருந்து கையை எடுத்தார். பிறகு சொன்னார்: "நீங்கள் அட்டையைப் பாத்தது எனக்குத் தெரியும் ரீச்சர். பெட்டியை மேசையில வைச்சிட்டுப் போனியளே, அண்டைக்குத் தெரியும். ரீச்சருக்குத் தெரிஞ்சிட்டுது, ஆனா என்னைக் காட்டிக்குடுக்கேல்லை, விரதத்தை முடிக்க விடுறா எண்டு நினைச்சன். எனக்குக் கண்ணீரே வந்தது. அதுதான் அண்டைக்கு முருங்கையிலை வறுத்து வைச்சனான்."

நான் கடிதத்தை மடித்தேன். அவர் மேலும் சொன்னார்:

"வாய் திரும்பின பிறகு தம்பி கேட்டவர். மறந்துபோனன் எண்டு சொன்னன். விரதத்தால விட்டதெண்டு சொன்னால் வீட்டில நிண்ட உங்களையும் பேசுவார் எண்டு பயம். சிநேகிதியைக் காட்டிக்குடுக்கலாமோ?"

"நான் உங்களுக்காகப் பேசாமல் இருக்கேல்லை" என்றேன். "எழுதினது போலத்தான். பொறாமை."

"அது விளங்குது. நீங்கள் வாசிச்சது கேட்டது தானே." அரிசியில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார். "அப்ப இவ்வளவு நாளும் நான் மட்டும்தான் சிநேகிதி எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனானோ?" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பிறகு, "குளிசையை விட்டது நான். அந்தப் பிழையை நான் எடுக்கிறன். ஆனா என்ர பிள்ளை பேச்சு வாங்கேக்க நாங்கள் ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தம். அதை ஆர் எடுக்கிறது?" என்றார்.

தர்சினி என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "அவர் என்னைப் பேசேக்க நீங்கள் பக்கத்திலதானே நிண்டனீங்கள், மாமி?"

"ஓம்."

அவள் உள்ளே போய்விட்டாள். தேத்தண்ணீர் தரவில்லை. தராதது சரி. உன் மாமி வேலிப் படலை வரை வந்து பஸ் நேரத்தை மட்டும் சொன்னார். எங்களுக்குள் இனி என்ன இருக்கும், இருக்காது என்று எனக்குத் தெரியாது. அவர் என்னில் வைத்திருந்த நல்லெண்ணம் நான் சம்பாதிக்காதது, அதை நானே போய்ப் பறித்துவிட்டு வந்தேன். அவருக்கு அடுத்த ஸ்கேன் வருகிற மாதம். கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போவது தர்சினியாக இருக்கட்டும், நீ கூடப் போ.

தர்சினி உன்னை உள்ளே விடுவாளா என்று நான் கேட்கவில்லை. கேட்பது என் வேலையல்ல, உன் வேலை. என்னைக் காரணம் காட்டி மன்னிப்புக் கேட்காதே. நான் பொய் சொன்னது என் கணக்கில் இருக்கட்டும், வாங்கில் வைத்து அவளை உலுக்கியது உன் வாய். அதைப் பற்றி மட்டும் பேசு. என்மேல் கோபம் வந்தால் வரட்டும், எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இருக்கட்டும். பேச வேண்டுமென்று தோன்றினால் நீ எடு. நான் எடுத்து உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

இந்தப் பதினான்கு நாளும் நான் நன்றாக நித்திரை கொண்டேன், நன்றாகச் சாப்பிட்டேன். உன் சட்டை கொடியில் காய்வதைப் பார்த்துக்கொண்டே சும்மா நின்றிருக்கிறேன். பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் இந்தக் கடிதத்தில் இன்னொரு பொய் வேண்டாம். நீ அங்கே போய் அவர் போடும் சோற்றைச் சாப்பிடுவாய் என்று நினைக்கும்போதே எனக்கு எரிகிறது. எரியட்டும். நீ நாலு மணிக்கு வேலையால் வந்துவிடுவாய். எனக்கு இன்றைக்கு மேலதிக வகுப்பு, ஐந்தரைக்குத்தான் வருவேன். ஈச்சிலம்பற்றுக்குக் கடைசி பஸ் நாலே முக்காலுக்கு. நான் வரும்போது நீ இந்த வீட்டில் இருக்கக்கூடாது.

அம்மா